ஹார்மோன் கேட்டால் சைக்கியாட்ரிஸ்ட் லெட்டர் எதற்கு?

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் எழுதிக் கொடுக்கும் டாக்டர் யாரும் "முதலில் நீங்கள் பெண்தான் என்று சைக்கியாட்ரிஸ்டிடம் லெட்டர் வாங்கி வாருங்கள்" என்று சொல்வதில்லை. அதையே ஒரு திருநங்கை கேட்டால் லெட்டர் வேண்டும். நான் திருநம்பி, பிறப்பில் பெண் என்று எழுதப்பட்ட ஆண். எனக்கு வேண்டிய ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோனுக்கும் இதே கதைதான்.

எனக்கு வாய்த்த மனநல மருத்துவர் (பெயர் வேண்டாம்) கேட்டதெல்லாம், சின்ன வயதில் பொம்மை வைத்து விளையாடினாயா, எவனாவது காதலித்து ஏமாற்றிவிட்டானா, இப்படித்தான். கடைசியில் அம்மா அப்பாவைக் கூட்டி வா என்றார். எனக்கு அப்போது 28 வயது, வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்.

இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னால் கையெழுத்து விழும் என்று எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். முன்னால் போய் வந்தவர்கள் சொல்லித்தான் அனுப்புவார்கள், தூக்கம் வரவில்லை என்று சொல்லிவிடாதே, சாகத் தோன்றியதைப் பற்றி வாயே திறக்காதே, கொஞ்சம் தயங்கினாலும் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று. அதனால் உண்மையிலேயே மனம் உடைந்து கிடப்பவர்தான் அந்த அறையில் நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டு வருகிறார். எனக்கு இந்த முறைமேல் இருக்கும் கோபமே இதுதான். மனநல உதவி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, எங்களில் பலருக்கு அது ரொம்பத் தேவை. ஆனால் உண்மையைச் சொன்னால் மருந்து கிடைக்காது என்ற பயத்தை வைத்துக்கொண்டு யார் மனம் திறப்பார்கள்?

அதிலும் "சரிப்படுத்தி விடலாம்" என்று ஆளை மாற்றப் பார்த்த டாக்டர்களை எங்களுக்குத் தெரியும். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த வேலைக்குத் தடை போட்டார். அதற்கு முன் எங்களைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார், அந்தப் பணிவு எத்தனை டாக்டர்களுக்கு இருக்கிறது?

சரி, இது சாதாரண மருந்தா என்று கேட்பீர்கள். இல்லைதான். டெஸ்டோஸ்டிரோனில் உடைந்த குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது, ரத்தம் கெட்டியாகிறதா என்று பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், பிள்ளை பெறும் வாய்ப்பைப் பற்றி முன்பே யோசிக்க வேண்டும். இதையெல்லாம் உட்காரவைத்து விளக்கி, புரிந்ததா என்று பார்த்துவிட்டுச் சம்மதம் வாங்குங்கள். பாஸ்டனில் ஃபென்வே மருத்துவ மையம் 2007-லிருந்து அப்படித்தான் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே திருநராக இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. திருநர் மருத்துவத்துக்கான உலக நிபுணர் சங்கமான டபிள்யூபாத் 2022-ல் கொண்டுவந்த வழிகாட்டியும் வயது வந்தவர்களை மதிப்பிடத் தகுதியுள்ள ஒரு மருத்துவப் பணியாளர் போதும், அவர் சைக்கியாட்ரிஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்கிறது. நம் நாட்டு 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஹார்மோனுக்கு முன்னும் பின்னும் கவுன்சிலிங் கொடுப்பது அரசின் பொறுப்பு என்றுதான் எழுதியிருந்தது.

லெட்டருக்கு அலைந்து சலித்த திருநங்கைகள் மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கி இரண்டு மூன்றாக விழுங்குகிறார்கள். அதில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் ஆபத்தை ஏற்றும். ரத்தப் பரிசோதனை கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

கவுன்சிலர் தாராளமாக இருக்கட்டும், மருந்துச் சீட்டு மட்டும் அவர் கையில் வேண்டாம். முடிவெடுக்கும் நிலையிலேயே ஒருவர் இல்லை என்று டாக்டருக்குத் தோன்றினால் அப்போது மனநல மருத்துவரைக் கூப்பிடட்டும், ஆபரேஷனுக்கு வரும் மற்ற நோயாளிகளுக்கும் அப்படித்தானே செய்கிறார்கள்.