பழகிடும்னு சொன்னாங்க

போன மாசம் ஒரு காலையில, பெண்ணையாத்துப் பாலம் தாண்டி ஆல்பேட்டை சோதனைச்சாவடியில என் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாங்க. மணி ஏழு. பாண்டிப் பக்கம் இருந்து கண்ணு ரெண்டும் ரத்தச் சிவப்பா ஒருத்தன் வந்தா எந்தப் போலீஸ்காரருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். டிக்கியைத் திறந்து காட்டினேன். டிபன் பாக்ஸும் ரெயின்கோட்டும்தான். ஊதச் சொன்னாங்க, ஊதினேன். மிஷின்ல ஒண்ணும் காட்டலை. "நைட் டூட்டி சார்"னேன். "சரி, பார்த்துப் போங்க"ன்னு விட்டுட்டாங்க.

பத்து நிமிஷம்கூட ஆகலை. கெடிலம் பாலத்து இறக்கத்துல கண்ணை மூடினது எனக்குத் தெரியாது. திறந்தப்போ முன் டயர் ஒரு இளநீர்க் கடையோட மட்டைக் குவியல் மேல ஏறி நிக்குது, நான் ரோட்டோரம் கிடக்கிறேன். முட்டியில சிராய்ப்போட போச்சு. மட்டை இருந்த இடத்துல பஸ்ஸுக்கு நிக்கிற ஸ்கூல் புள்ளைங்க இருந்திருந்தா? அதை நினைச்சு அன்னைக்கும் தூக்கம் வரலை. இளநீர்க்காரர்தான் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டார். விட்டுட்டுக் கேட்டார்: "இன்னாப்பா, காலங்காத்தாலயே பாண்டிக்குப் போயிட்டு வர்றியா?"

கோபம் வந்துச்சு. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தா அவர் கேட்டதுல பெரிய தப்பில்லை. முந்தின நாள் பகல் பதினொரு மணிக்கு எழுந்தவன், இருபது மணி நேரமா முழிச்சிருக்கேன். 1997-ல ஆஸ்திரேலியாவுல டாசன், ரீடுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஆளுங்களை ஒரு நாள் முழிக்க வச்சும், இன்னொரு நாள் குடிக்க வச்சும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. 17 மணி நேரம் முழிச்சிருந்தா வர்ற தடுமாற்றம், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருந்தா வர்ற தடுமாற்றத்துக்குச் சமம். 24 மணி நேரம் போனா 0.10 அளவு. நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுல வச்சிருக்கிற வரம்பே 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03தான். அந்த மிஷினுக்குத் தூக்கத்தைக் கணக்கெடுக்கத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கு என் வண்டியைப் பிடிச்சு வச்சிருப்பாங்க.

நான் கடலூர் ஓ.டி. ஆளு. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், இங்க ஓ.டி.ன்னா ஓல்டு டவுன், முதுநகர். ஓ.டி.யில இருந்து போய் ஓ.டி. பார்க்கிறவன்னு பசங்க என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. பாண்டி எல்லைக்குள்ள ஒரு கம்பெனியில பதினாலு வருஷமா ஷிப்ட் வேலை. சேர்ந்த முதல் வாரமே சீனியர் அண்ணன் ஒருத்தர் தோளைத் தட்டிச் சொன்னார், "ஒரு மாசம்தான்டா, பழகிடும்." அம்மாவும் அதையே சொன்னாங்க, மாமனாரும் அதையே சொன்னார்.

பழகலை. பழகின மாதிரி தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான். 2003-ல வந்த ஒரு ஆய்வுல, தினம் ஆறு மணி நேரம் மட்டும் படுக்க விட்டு ரெண்டு வாரம் பார்த்தாங்க. கடைசியில அவங்க கவனம், ஒரு ராத்திரி முழுக்கக் கண்ணே மூடாதவங்க அளவுக்குக் கெட்டுப் போயிருக்கு. ஆனா அவங்களைக் கேட்டா, லேசாத் தூக்கம் வர்ற மாதிரி இருக்குன்னுதான் சொல்லியிருக்காங்க. இதைப் படிச்ச அன்னைக்குத்தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. பதினாலு வருஷமா நானும் "எனக்கு அஞ்சு மணி நேரம் போதும்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்.

டீ குடிச்சாச் சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் மூளையில அடினோசின்னு ஒண்ணு சேர்ந்துக்கிட்டே வரும், அதுதான் தூக்கத்துக்கு இழுக்கும். டீயில இருக்கிற கஃபீன் அது உட்கார வேண்டிய இடத்துல துண்டைப் போட்டு சீட்டைப் பிடிச்சுக்கும். அதுக்காக அடினோசின் பஸ்ஸை விட்டு இறங்கிடாது, நின்னுக்கிட்டே வரும். கஃபீன் எழுந்ததும் மொத்தமா வந்து உட்காரும். ராத்திரி மூணு மணிக்குக் கேண்டீன்ல குடிச்ச டீயோட கஃபீன்ல பாதி, நான் படுக்கப் போற எட்டு மணிக்கும் உடம்புக்குள்ளயேதான் இருக்கு. வண்டி ஓட்டும்போது முழுசாக் காப்பாத்தாது, படுக்கும்போது மட்டும் கெடுக்கும்.

போதாததுக்கு வெயில். பாண்டியில இருந்து தெற்கே வரும்போது முள்ளோடை, ரெட்டிச்சாவடின்னு வழி முழுக்க இடது பக்கம் சூரியன். கண்ணுல விழற அந்த வெளிச்சம்தான் உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரத்துக்கு "விடிஞ்சுடுச்சு"ன்னு சொல்ற மணி. அந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்குத்தான் 2017-ல மருத்துவ நோபல் கொடுத்தாங்க. அது மனுஷனுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமா ஓடுது. அதனால தூக்கத்தைத் தள்ளிப் போடறது சுலபம், முன்னாடி இழுக்கிறது கஷ்டம். ஃபர்ஸ்ட், செகண்ட், நைட்னு முன்னோக்கிச் சுத்துற ஷிப்டுக்கு உடம்பு ஓரளவு ஒத்து வரும். எங்ககிட்ட நைட், செகண்ட், ஃபர்ஸ்ட்னு தலைகீழாச் சுத்துது. இதை மாத்த ஒரு பைசா செலவில்லை, ஒரு எக்செல் ஷீட்டைத் திருத்தணும். கேட்டுப் பார்த்தேன். "இவ்ளோ வருஷமா இப்படித்தானே ஓடுது"ன்னாங்க. அதான் சொல்றேன், இவ்ளோ வருஷமா ஓடுது.

உடம்பு தனியா பில் போட்டுக்கிட்டு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி சுகர் பார்டர்ல இருக்குன்னாங்க. அப்பாவுக்கு சுகர் இருந்துச்சு, அதான்னு நினைச்சேன். அது மட்டும் காரணமா இருக்கணும்னு இல்லை. 1999-ல சிகாகோவுல 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டதுலயே, ரத்தச் சர்க்கரையைச் சமாளிக்கிற சக்தி குறைஞ்சு போச்சு. ஒரே வாரத்துல. தூக்கம் குறைஞ்சாப் பசி வேற ஏறும். ராத்திரி ரெண்டு மணிக்குப் பரோட்டாதான் வேணும்னு தோணும், யாருக்கும் அந்நேரம் கீரை ஞாபகம் வராது. நைட் ஷிப்ட் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவே 2007-ல வகைப்படுத்திடுச்சு. இதையெல்லாம்விட என்னை உறுத்துறது, பென்சிலைத் தொலைச்சுட்டு வந்த பொண்ணு மேல நான் கத்தின கத்து.

சரி, பகல்ல தூங்கலாமே? தூங்கிப் பாருங்க. ஒன்பது மணிக்குப் பழைய இரும்பு, ஈயம், பித்தளை. பத்துக்கு மிக்ஸி. ஆடி மாசம்னா ஸ்பீக்கர். மெயின்டனன்ஸ்னு கரண்டை நிறுத்துற நாள்ல ஃபேனும் போச்சு. நடுவுல ஒரு சொந்தக்காரர் வந்து, "என்ன மாப்ள, பட்டப்பகல்ல படுத்திருக்க?" நம்ம ஊர்ல தூங்கினவன் கன்று கடாக்கன்றுன்னு பழமொழியே இருக்கு. குடிச்சுட்டுப் படுத்திருக்கிறவனை எழுப்ப யோசிப்பாங்க, நைட் டூட்டிக்காரனை எழுப்ப யோசிக்க மாட்டாங்க. பாண்டியில மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திட்டு நாலு மணிக்குத் திறக்கிறவங்களை நான் எவ்வளவு நக்கல் பண்ணியிருக்கேன்! வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சோம்பேறித்தனம்னு. இப்போ அந்தச் சாத்தின ஷட்டரைப் பார்த்தாப் பொறாமையா இருக்கு.

இதுல என் மனைவி கணக்கு தனி. எந்த ஷிப்டும் இல்லை. ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து, நாலரைக்குத் தண்ணி பிடிக்க எழுந்திருக்கா. நைட் அலவன்ஸ் எனக்கு வருது.

விழுந்து எழுந்த பிறகு ஒண்ணு மாத்தியிருக்கேன். ஷிப்ட் முடிஞ்சதும் வண்டியை எடுக்கிறதில்லை. ரெஸ்ட் ரூம் பெஞ்சுல இருபது நிமிஷம் அலாரம் வச்சுட்டுப் படுத்துட்டுத்தான் கிளம்பறேன். செக்யூரிட்டி அண்ணன் முனகுவார், முனகட்டும். வீட்டுல மனைவி ஒரு அட்டையில பெருசா எழுதிக் கதவுல மாட்டியிருக்கா: "நைட் டூட்டி. தூங்குகிறார். பெல் அடிக்காதீர்கள்."

நேத்து கொரியர் தம்பி வந்தான். அட்டையைப் படிச்சிருக்கான், பெல்லை அடிக்கலை. எனக்குப் போன் பண்ணினான்.