பகா எண்ணா என்று பார்க்க 104 நாளா?

தைப்பூசத்தன்று, கோர் த கார்ட் மலையடிவாரக் கோயிலுக்கு என் அண்ணன் மகன் முதல் முறையாகக் காவடி எடுத்து வருகிறான். அந்த நேரம் பார்த்து எபேனில் இருக்கும் எங்கள் ஆபீஸிலிருந்து போன். "அக்கா, சைட் படுத்துவிட்டது!" மொரீஷியஸ் முழுக்க விடுமுறை, நான் மட்டும் காரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். காவடி இறக்கியதை நான் பார்க்கவே இல்லை.

என்ன கோளாறு தெரியுமா? எங்களுடையது பிள்ளைகள் கணக்குப் பழகும் சைட். ஒரு பிள்ளை 9007199254740881 பகா எண்ணா என்று கேட்டிருக்கிறது. பகா எண்தான். ஆனால் எங்கள் கோட் 2-இல் ஆரம்பித்து அந்த எண்ணுக்கு முந்தைய எண் வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கிறது! நொடிக்கு நூறு கோடி முறை வகுத்தாலும் 104 நாள் ஆகும். சித்திரை வருஷப் பிறப்பே கடந்துவிடும்.

வர்க்கமூலத்தோடு நிறுத்தினால் போதுமே! எந்த எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தாலும் ஒன்று வர்க்கமூலத்தைத் தாண்டாது. இங்கே அது 9,49,06,265. இரட்டை எண்களை விட்டுவிட்டால் அதிலும் பாதிதான். கோட்டைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் அப்போதே இதை எழுதிக் கொடுத்தேன். "97 போட்டுப் பார்த்தேன் அக்கா, சட்டென்று வந்தது" என்றான் அந்தக் கோட் எழுதிய தம்பி. 97-க்கு வராமல் எதற்கு வரும்?

அப்புறம், மற்ற வேலைகள் இதற்காகக் காத்திருக்காது என்று நினைத்து, கோட்டில் அந்த ஃபங்ஷனுக்கு முன்னால் அசிங்க் (async) என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்றான். ஆகாது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் (Node.js) நம் கோட் ஓடுவது ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வரிசையில். வகுத்துப் பார்க்கும் லூப் முடியும்வரை மற்ற பிள்ளைகள் எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மேனேஜரோ பெரிய சர்வர் வாங்கலாம் என்கிறார். இரண்டு மடங்கு வேகமான சர்வர் வாங்கினாலும் 52 நாள் ஆகுமே ஐயா!

இதைவிட வயிறு எரிவது வேறொன்றுக்கு. 2305843009213693951-ஐப் பகா எண் என்று ரஷ்யாவின் பெர்வூஷின் 1883-இலேயே நிறுவிவிட்டார். அதை எங்கள் சைட்டில் போட்டால் "பகா எண் அல்ல" என்று உடனே பதில் வருகிறது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண நம்பரில் அது அடங்காது; கடைசி இலக்கம் 2 ஆகி இரட்டை எண்ணாகிவிடுகிறது. எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் பிக்இன்ட்டாக (BigInt) வாங்கி, நோட் ஜேஎஸ்ஸிலேயே இருக்கும் செக்பிரைம் (checkPrime) ஃபங்ஷனிடம் கொடுத்தால், ஒவ்வொன்றாக வகுக்காமலே சோதிக்கும் மில்லர்–ராபின் முறையில் நொடிப்பொழுதில் சரியான பதில் வரும். லூப்பும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம்.

நான்கு வரி மாற்றம். எழுதி அனுப்பிவிட்டேன். இன்னும் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுவரை பிள்ளைகளுக்குத் தப்பான பதில் போய்க்கொண்டே இருக்கிறது.