பிள்ளைக்கு ராசி பாக்கிறதை நிப்பாட்டுங்கோ

ஒரு சின்னப் பிள்ளையைப் பாத்து ‘ராசியில்லாதவன்’ எண்டு சொல்ல எப்பிடித்தான் வாய் வருகுதோ! எனக்குப் பத்திக்கொண்டு வருது.

‘லவுட் ஹவுஸ்’ எண்டொரு கார்ட்டூன், 2016 இல நிக்கலோடியன் டிவியில தொடங்கினது. அமெரிக்காவில மிச்சிகனில ஒரு வீடு, 11 பிள்ளையள். பத்தும் பெட்டையள், நடுவில 11 வயசு லிங்கன் ஒருத்தன்தான் பொடியன். அத்தனை பேருக்கும் ஒரே குளியலறை. துணி அடுக்கிற சின்ன அறைக்குள்ளதான் லிங்கன் படுக்கிறது. அக்கா வீட்டுப் பிள்ளையளோட இருந்து நானும் பாப்பன். லூனாவின்ர கிட்டார், லுவானின்ர அறுவைப் பகிடி, லூசியின்ர பேய்க் கவிதை எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனா 2017 இல வந்த ஒரு கதையை நினைச்சா இண்டைக்கும் கொதிக்குது.

லின் எண்ட அக்கா பேஸ்போல் மட்ச்சில தோக்கிறாள். பழி ஆரில? பாக்கப் போன தம்பியில! கொஞ்ச நாள் ஆக்கினை இல்லாமல் இருக்கலாமெண்டு அவனும் முதல்ல பேசாமல் இருந்திட்டான். வீட்டில எல்லாரும் அவனை ராசியில்லாதவன் எண்டு நம்பிட்டினம். அதுக்காக வீட்டுக் கதவைப் பூட்டிப் பிள்ளையை வெளியில படுக்க விடுறதே? அவன்ர தளபாடத்தை விக்கிறதே? நாலு வயசில ஆய்வுகூடம் வச்சிருக்கிற லிசா, அவள்கூட இதைத் தடுக்கேல்ல. பெத்ததுகளும் எல்லோ சேந்து நிக்குதுகள்! கடைசியில அணில் வேஷம் ஒண்டு போட்டு வாறான், மட்ச் வெல்லுது, உடனே அந்த வேஷம் ராசியாம். அதைக் கழட்ட விடாமல்தான் வீட்டுக்குள்ள எடுக்கினம். பொடியன் என்ன பாடுபட்டான் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்ல.

கார்ட்டூன்தானே, விடு எண்டு சொல்லாதேங்கோ. இஞ்ச திருகோணமலை உப்புவெளியில என்ர அக்கா வீட்டில நடக்கிறது என்ன? நாலு பெட்டையளுக்கு நடுவில ஒரு பொடியன். போன மாசம் கொழும்புக்கு வெளிக்கிட வான் வந்து வாசலில நிக்குது. பல்லு விளக்கின பிரஷ்ஷோட டாட்டா காட்ட ஓடி வந்தவனை மாமி மறிச்சு, “நீ உள்ள போ ராசா, முழிவியளம் சரிவராது” எண்டா. வெளிக்கிடேக்க முன்னுக்கு ஆர் வாறது எண்ட சகுனமாம். பிறகு மூத்தவளைச் செம்பில தண்ணியோட முன்னுக்கு வரச் சொன்னா. அவன் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான், வாயில நுரை கூடத் துடைக்கேல்ல. ‘ராசா’ எண்டு செல்லம் வேற! அத்தானும் அக்காவும் கேட்டுக்கொண்டுதான் நிண்டவை. ஒரு சொல்லுக் கதைக்கேல்ல.

சித்தப்பாவின்ர போட் வெறுமனா வந்தாலும் இவன்தான் காரணமாம், விடியக் காலமை முன்னுக்கு வந்திட்டானாம். வாடைக்காத்து அடிச்சுக் கடல் கொந்தளிக்கிற மாதத்தில மீன் படாட்டி, அதுக்கு ஏழாம் வகுப்புப் பொடியன் என்ன செய்வான்? இவ்வளவு வருசம் கடலில நிண்ட மனுசனுக்குத் தெரியாததே இது? ஆரிலயாவது கோவத்தைக் கொட்ட வேணும், திருப்பிக் கதைக்காதவன் இவன்தான். அதுதான் விசயம்.

இப்ப அவனே நல்ல காரியம் எண்டால் தானாப் பின்னுக்குப் போய் நிக்கப் பழகிட்டான். தங்கச்சிக்குப் பிறந்தநாள் கேக் வெட்டேக்க கதவுக்குப் பின்னால நிண்டவன். இதைப் பாத்தும் உங்களுக்கு வயிறு எரியேல்லையோ?

ஞாயிற்றுக்கிழமை மெக்கெய்சர் மைதானத்தில மூத்தவளுக்கு ஓட்டப்போட்டி. அவனை வீட்டில விட்டிட்டு வாங்கோ எண்டு இப்பவே கதை வருது. விடமாட்டன். என்ர மோட்டார் சைக்கிளில ஏத்திக்கொண்டு போய் முன் வரிசையில இருத்துவன். அவள் தோத்தா என்னட்ட வந்து கதையுங்கோ.