ஆயிரம் தோட்டாவும் பத்தொன்பது நாளும்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி நேற்று போன் செய்தான். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழக்கம். "அக்கா, அடுத்த மாசம் போட்டிக்கு ஜெர்மனி போறேன். வரும்போது அங்கேயே தோட்டா வாங்கிட்டு வரலாமா? ஏர்போர்ட்ல பிடிச்சுக்குவாங்களா?" என்று கேட்டான். அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. அவனைப் போல இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கி சுடுதல் என்றால் நம் கடலூர்க்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது இங்கே பிறந்த இளவேனில் வாலறிவன்தான். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் ஆடிய பெண். ஆனால் அவர் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைபிள். அதில் போவது 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, தள்ளுவது காற்று. வெடிமருந்து கிடையாது. நான் சுடுவது 50 மீட்டர், படுத்த நிலை. அதற்கு .22 தோட்டா வேண்டும். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அவர் சுட்டதும் அதே வகைத் தோட்டாதான். இதில் மருந்து இருக்கிறது. ஆகவே சட்டத்தின் கண்ணில் இது வெடிபொருள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

சரி, இங்கே கிடைப்பதை வைத்துச் சுடாமல் வெளிநாட்டிலிருந்து எதற்குச் சுமந்து வர வேண்டும்? இந்தக் கேள்வியை என் அம்மாவே கேட்டிருக்கிறார். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை போட்ட பெட்டிகளாக இருந்தாலும் லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, மாறினால் தோட்டா மாறிவிடுகிறது. ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒத்துப்போகிற லாட் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஷோனபெக் என்ற ஊரில் சோதனைக் கூடமே வைத்திருக்கிறார்கள். நம் ரைபிளை இரும்புப் பிடியில் இறுக்கி, லாட்டுக்குப் பத்துத் தோட்டா வீதம் சுட்டுப் பார்ப்பார்கள். என் ரைபிளில் ஒரு லாட் பத்தையும் 14 மில்லிமீட்டருக்குள் போட்டது. அடுத்தது 22-க்குப் பரவியது. 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அப்படியிருக்கும்போது அந்த எட்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியாது. நல்ல லாட் கண்ணில் பட்டால் உடனே வாங்கிவிட வேண்டும். விட்டால் வேறு யாராவது மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் வாங்கியது ஆயிரம். கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும் எண்ணிக்கைதான். ஆனால் ஒரு போட்டிக்கு அறுபது, அதற்கு முன் பார்வை சரிசெய்யச் சில. பயிற்சி நாள் என்றால் நூறு சாதாரணமாகத் தீர்ந்துவிடும். ஆயிரம் என்பது பத்து நாள் பயிற்சி, அவ்வளவுதான்.

காகிதம் எல்லாம் கையில் இருந்தது. லைசென்ஸ், தேசிய ரைபிள் சங்கக் கடிதம், இறக்குமதி அனுமதி, வாங்கிய ரசீது, விற்றவர் மூலமாகப் பெற்ற அந்நாட்டு ஏற்றுமதி அனுமதி. விமான நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதிச் சம்மதம் வாங்கியிருந்தேன். சர்வதேச விமான விதிப்படி ஒரு பயணிக்கு மொத்த எடை 5 கிலோ வரை, செக்-இன் பெட்டியில் மட்டும். இரண்டு பேர் பங்கை ஒரே பெட்டியில் சேர்த்துக் கட்டக் கூடாது. என் ஆயிரமும் அட்டைப் பெட்டியோடு நாலு கிலோவைத் தொடவில்லை. இறங்கியதும் நானாகவே, சுங்கத்தில் சாமானை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழிக்குப் போய், "தோட்டா கொண்டு வந்திருக்கிறேன்" என்று சொன்னேன்.

விடிகாலை மூன்று மணி. பணியில் இருந்தவர் மரியாதையானவர். போட்டித் தோட்டாவை அதற்கு முன் அவர் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு, "மேடம், எல்லாம் சரிதான். ஆனா ஆயிரம் ரொம்ப அதிகம் இல்லையா?" என்றார். யாருக்கோ போன் செய்தார். அவரும் கையெழுத்துப் போடத் தயங்கினார். கடைசியில் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுத் தோட்டாவை எடுத்து வைத்துக்கொண்டார்கள். என் கைக்கு அது திரும்பி வந்தது பத்தொன்பதாவது நாள். அதற்கு நான்கு நாள் முன்பே தேர்வுப் போட்டி முடிந்துவிட்டது. பழைய லாட்டில் மிச்சமிருந்ததை வைத்துச் சுட்டு, இரண்டு புள்ளியில் தவறவிட்டேன். அதோடு இன்னொரு கவலை. .22 தோட்டாவின் ஈயத்தில் மெழுகு பூசியிருக்கும். வெயில் பட்டால் இளகும். அக்னி நட்சத்திரத்தில் எந்த அறையில் வைத்திருக்கிறார்களோ என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அவர் கையில் கொடுக்கப்பட்டிருக்கிற விதி மேல்தான். 1959 ஆயுதச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஆயுதமோ தோட்டாவோ வைத்திருக்க உரிமை உள்ளவர் தன் சொந்த உபயோகத்துக்கு 'நியாயமான அளவில்' நாட்டுக்குள் கொண்டு வரலாம் என்கிறது. அதே பிரிவு, அந்த அளவு நியாயமானதுதானா என்று சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும்வரை தடுத்து வைக்கலாம் என்றும் சொல்கிறது. எத்தனை வரை நியாயம்? அந்தப் பிரிவில் எண் இல்லை. தூக்கக் கலக்கத்தில் நிற்கிற ஒரு மனிதர் தலையில் அந்தக் கணக்கைக் கட்டிவிட்டால் அவர் பயப்படத்தான் செய்வார். தவறாக விட்டுவிட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. பிடித்து வைத்துவிட்டால் அவரை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

இதற்கு நடுவில் ஐம்பது என்றொரு எண் உலவுகிறது. 2016 பேக்கேஜ் (பயணிகள் சாமான்) விதிகளின் இணைப்பில், ஐம்பதுக்கு மேற்பட்ட தோட்டாக்களுக்கு வரியில்லாச் சலுகை கிடையாது என்று இருந்தது. அது வரி பற்றிய பேச்சு. அதைப் படித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் ஐம்பது தோட்டா வரை பையில் போட்டு வரலாம் என்று சொல்லித் திரிகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நம்பாதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் கையில் ஒரு தோட்டா இருந்தாலும் வழக்குதான்.

என் கோரிக்கை சின்னது. ஒரு எண்ணை எழுதிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் கொண்டுவந்த 258-ஆம் ஒழுங்குமுறையில் எழுதியிருக்கிறார்கள்: சொந்தச் சாமான்களோடு தற்காலிகமாக வெளிநாடு எடுத்துப் போகும்போது, தனி ஏற்றுமதி அனுமதி இல்லாமலே வேட்டைக்காரருக்கு 800, விளையாட்டு வீரருக்கு 1,200 என்று. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நம்மிடம் அதைவிட நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று ஒதுக்கீடு உண்டு. அதில் வாங்கியது போக மீதி எவ்வளவோ, அதுவரை நியாயமான அளவு என்று ஒரு வரி போட்டால் போதும். அதிகாரி லைசென்ஸைப் பார்ப்பார், பெட்டியை எண்ணுவார், வரவு வைப்பார், அனுப்புவார். ஒன்று கூடினாலும் பிடிக்கட்டும்.

இப்படிச் செய்தால் தோட்டா வெளியே கசிந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் பயம் புரிகிறது. ஆனால் எண் இருந்தால்தானே கணக்குப் பார்க்க முடியும்? இறங்கிய இடத்திலேயே லைசென்ஸில் ஏறிவிட்ட தோட்டாவை மறைக்க வழியில்லை.

வீடு வந்து சேர்வதும் ஒரு பயணம்தான், அதை யாரும் சொல்லித் தருவதில்லை. சென்னையிலிருந்து ஈசிஆரில் கடலூர் வருகிறோம் என்றால் நடுவில் புதுச்சேரிக்குள் நுழைந்து வெளியே வருகிறோம். லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் என்றால் புதுச்சேரி எல்லையைத் தொட்டாலே சிக்கல். விண்ணப்பிக்கும்போதே இந்தியா முழுவதும் செல்லும்படி கேளுங்கள். அது கைக்கு வரும்வரை திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி வழியாகச் சுற்றி வாருங்கள். நான் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். இப்போது புதுச்சேரி வழியாக வரும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பாட்டில் தேடி வண்டியைத் திறக்கச் சொன்னால், கை வைப்பதற்கு முன்னாலேயே நானே சொல்லிவிடுகிறேன்: "சார், ஸ்போர்ட்ஸ் ரைபிள், தோட்டா இருக்கு, லைசென்ஸ் இது." ஒரு முறை ஒரு ஏட்டையா இளவேனிலைப் பற்றி ஐந்து நிமிடம் விசாரித்துவிட்டு அனுப்பி வைத்தார்.

தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம். வளைகுடா வழியாக டிக்கெட் போடாதே. இறங்கி மாறுகிற நாட்டின் அனுமதியும் தனியாக வேண்டியிருக்கும். நேர் விமானமாகப் பார். அப்புறம், ரேஞ்சுக்குக் கொண்டு போகிற பையைப் பயணத்துக்கு எடுக்காதே. மூலையில் மறந்து கிடக்கும் ஒரே ஒரு தோட்டா போதும், ஸ்டேஷனில் உட்கார வைக்க. தெரியாமல் இருந்தது என்று நிரூபிக்க கோர்ட் வரை போக வேண்டும். காலிக் கூடு கிடந்தாலே கேள்வி வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைசென்ஸையும் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் வா. என்னிடம் உள்ள காகிதங்களின் நகலைத் தருகிறேன், வரிசைப்படி அடுக்கிப் பார்த்துவிடலாம். எத்தனை தோட்டா என்பதையும் அன்றைக்கே முடிவு செய்வோம். உன் ஒதுக்கீட்டில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வை.