பொறுக்காதீர்கள் ஆச்சி

(காரைக்குடிச் சந்தை. ஓய்வுபெற்ற தமிழாசிரியையான ஆச்சி கத்தரிக்காய்க் குவியலின் முன் உட்கார்ந்து, ஒரு காயின் காம்பைத் தூக்கிப் புழுத்துளை தேடுகிறார். வகுப்பில் கட்டுரை நோட்டையும் இப்படித்தான் பார்த்திருப்பார்.)

கடைக்காரர்: பொறுக்காதீர்கள் ஆச்சி.

ஆச்சி: யாரைப் பொறுக்கி என்கிறாய்?

கடைக்காரர்: ஐயோ, நான் அப்படிச் சொல்வேனா?

ஆச்சி: சொன்னாலும் தப்பில்லை. சிந்தியதை எடுப்பதும் பொறுக்குவதுதான், குவியலில் நல்லதை எடுப்பதும் பொறுக்குவதுதான். வேலைவெட்டியில்லாமல் தெருவில் திரிந்தவன் அந்தச் சொல்லின் மானத்தை வாங்கிவிட்டான். நீ 'தேராதீர்கள்' என்று சொல்.

கடைக்காரர்: காய் தேறாது என்று நானே சொன்னதாகிவிடுமே!

ஆச்சி: அது வல்லின 'ற'. இது இடையின 'ர'. தேர்தல் என்றால் ஆராய்ந்து எடுப்பது. 'தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்.' ஆராயாமல் எவரையும் நம்பாதே என்கிறார் வள்ளுவர்.

கடைக்காரர்: 'யாரையும்' என்றுதானே சொன்னார்? கத்தரிக்காயை என்று சொல்லவில்லையே.

ஆச்சி: 'பொருள்' என்று முடித்தாரே, காதில் விழவில்லையா?

கடைக்காரர்: உத்திரமேரூரில் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்களாம். சோழர் காலத்து ஊர்ச்சபைக்கே குடவோலை போதுமாயிருந்தது. நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு சாக்குக்குள் கையை விடுங்களேன்.

ஆச்சி: ஓலை குடத்துக்குள் போவதற்கு முன்பே சலித்துவிட்டார்கள், தம்பி. சொந்த மனையில் வீடு வேண்டும், வரி கட்டும் நிலம் வேண்டும், வயது 35க்குக் குறையக் கூடாது, 70ஐத் தாண்டக் கூடாது. 921ஆம் ஆண்டு, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. உன் சாக்கில் பாதி 70ஐத் தாண்டியவை!

கடைக்காரர்: (பேச்சை மாற்றி) பேத்திக்கு வரன் பார்த்தீர்களே, அமைந்ததா?

ஆச்சி: அந்தச் சொல்லும் தேர்வில் பிறந்ததுதான். வடமொழியில் வரித்தல் என்றால் தேர்ந்துகொள்வது. சுயம்வரம் என்றால் தானே தேர்வது. நாங்களும் தேடினோம். எங்கள் நகரத்தாருக்குரிய ஒன்பது கோயிலில் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று கேட்டு, மணம் முடிக்கக் கூடாத பங்காளிகளைக் கழித்தோம். ஜாதகம் பார்த்துச் சிலரைக் கழித்தோம். மூன்று பேர் மிஞ்சினார்கள்.

கடைக்காரர்: மூவரில் யார்?

ஆச்சி: மூவரும் இல்லை. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரனை அவளே வரித்துவிட்டாள். புடவை சம்பந்தி பார்த்தார், மண்டபம் மகன் பார்த்தான். எனக்கென்று விட்டுவைத்தது பந்திக்கான கத்தரிக்காய் ஒன்றுதான். அதையும் பொறுக்காதே என்கிறாய்!

கடைக்காரர்: பந்திக்கா? எத்தனை கிலோ ஆச்சி?

ஆச்சி: நாற்பது.

கடைக்காரர்: (உள்ளே பார்த்து) டேய், ஆச்சிக்கு ஒரு நாற்காலி எடுத்து வா! நீங்கள் ஒவ்வொன்றாகத் தேருங்கள் ஆச்சி, அவசரமே இல்லை.