ஒர்க்ஸ் கமிட்டி என்றால் சங்கத்துக்கு ஏன் இவ்வளவு கசப்பு?

சங்கப் பொறுப்பில் இருக்கிற தோழர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

"இனி முடிவெடுப்பதில் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று நிர்வாகம் ஆரம்பித்தாலே சங்கத் தலைவர்களின் முகம் மாறிவிடுகிறது. அந்தச் சந்தேகம் நியாயம்தான். கைசன் (வேலை முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்தும் ஜப்பானிய முறை), யோசனைப் பெட்டி என்று ஏதாவது ஒரு பெயர் வைத்து, சங்கத்துப் பக்கமே வராத நாலு பேரைப் பொறுக்கி ஏசி ரூமில் உட்காரவைத்து டீ பிஸ்கட் கொடுத்து, அப்புறம் "தொழிலாளர்களே ஒத்துக்கொண்டார்கள்" என்று ஷிப்ட் மாற்றத்தைக் கொண்டுவருகிற வித்தை புதுச்சேரி சேதராப்பட்டிலும் கடலூர் சிப்காட்டிலும் வேலை செய்கிறவர்களுக்குப் புதிதா என்ன? நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டி 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குக் கருத்து சொல்லும் வேலைதான், முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. 1976ல் அரசியல் சாசனத்தில் 43ஏ சேர்த்து, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்று எழுதினார்கள். அதுவும் அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைப் பகுதிதான், கோர்ட்டில் போய்க் கேட்க முடியாது.

சரி, நிர்வாகத்தை விடுங்கள். சங்கமாவது தொழிலாளியைக் கேட்டு முடிவெடுக்கிறதா? அந்த 1947 சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 12(3) ஒப்பந்தம் என்று சொல்வோமே, சமரச அதிகாரி முன்னால் போடுவது, அது சங்கத்தில் சேராதவனையும் நாளைக்கு வேலைக்கு வரப்போகிறவனையும் சேர்த்தே கட்டும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பது பல இடங்களில் கையெழுத்தான பிறகு கேட் மீட்டிங்கில்தான் தெரியவருகிறது. உற்பத்தி இலக்கு எவ்வளவு ஏறியது என்று மெஷினில் நிற்கிறவனுக்கு அடுத்த மாதம்தான் உறைக்கும். கேட்டால், "அவனுக்கு என்ன தெரியும், நாங்க பேசிக்கிறோம்." முதலாளியும் இதையேதான் சொல்கிறார்!

1936 ஜூலை 30ல் புதுச்சேரி சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு போலீஸின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்தப் போராட்டம்தான் புதுச்சேரிக்கு எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதில் எங்களுக்கும் வாய் உண்டு என்று சொன்னவர்கள் அவர்கள். வருடா வருடம் மாலை போடுகிறோம், சந்தோஷம்.

அடுத்த கோரிக்கை சாசனம் எழுதும் முன் டிபார்ட்மெண்ட் வாரியாகக் கூட்டம் போடுங்கள், காண்ட்ராக்ட் ஆட்களையும் கூப்பிடுங்கள். கையெழுத்துக்கு முன்னால் வரைவைத் தமிழில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கமிட்டிக்கு ஆள் அனுப்புவது நிர்வாகத்தின் விருப்பமாக இருக்கக் கூடாது, ரகசிய ஓட்டெடுப்பு வேண்டும் என்று சங்கமே முதலில் கேட்கட்டும்.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சங்கத் தேர்தலுக்கு ஷிப்ட் ஷிப்டாக வந்து ஓட்டு கேட்க நேரம் இருந்ததே!