பத்திரத்தில் 'வெள்ளையர் மட்டும்': இன்று செல்லுமா?

"அமெரிக்கப் புறநகர் வீட்டின் பழைய பத்திரத்தில் 'வெள்ளையர் மட்டுமே குடியிருக்கலாம்' என்றிருந்தால், வீட்டு உரிமையாளர் சங்கம் இந்தியரை வெளியேற்றலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அப்படிப்பட்ட வரிகள் பல பத்திரங்களில் இருப்பது உண்மைதான். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் நகரச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1917-ல் ரத்து செய்தது. அதன்பின் மனை விற்றவர்கள் அதே தடையைத் தனியார் ஒப்பந்தமாகப் பத்திரங்களில் எழுதுவது பெருகியது. செயின்ட் லூயிஸ் நகர வீடு ஒன்றைப் பற்றிய 'ஷெல்லி எதிர் கிரேமர்' வழக்கில், 1948-ல், இத்தகைய ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் அமலாக்க முடியாது என்று தீர்ப்பானது. ஆனால் அவரவர் தாமாகப் பின்பற்றுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. இன அடிப்படையில் வீடு மறுப்பதையே தடைசெய்து, அந்த ஓட்டையை 1968-ன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் அடைத்தது.

பிறகு ஏன் வரி இன்னும் இருக்கிறது? பதிவான ஆவணம் தானாக அழியாது, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) பதிவு அலுவலகத்தில் திருத்தப் படிவம் கொடுத்தால் கட்டணமின்றி நீக்கலாம். சங்க விதிகளில் இருந்தால், உறுப்பினர் வாக்கெடுப்பு இல்லாமலே நிர்வாகக் குழு நீக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் நடைமுறை வேறுபடும். உங்கள் கவுன்டி அலுவலகத்திலேயே கேளுங்கள். 1948 தீர்ப்பும் 1968 சட்டமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

செய்தி வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.